130-லிருந்து 140: அவெஞ்சரின் பின்சக்கரத்தை அகலமாக்கிய கதை

130/90-15. பஜாஜ் அவெஞ்சர் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண் மனப்பாடமாக இருக்கும். பின்டயரின் அளவு இது. அகலம் 130 மில்லிமீட்டர், அந்த அகலத்தில் 90 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இந்த 130-ஐ 150 ஆக்க ஆசைப்பட்டு, 9 ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை இழந்து, கடைசியில் 140-இல் வந்து நின்றவன் நான். குறைந்த செலவில் க்ரூஸர் வண்டியின் பின்பக்கத்தைக் கொழுகொழு என்று ஆக்க நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டயர் கடைக்குப் போவதற்கு முன் அவர்கள் இதைப் படித்துவிட்டால் அந்த 9 ஆயிரம் மிச்சமாகும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சேலம். சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். 2022 கடைசியில், 2017 மாடல் அவெஞ்சர் 220 க்ரூஸ் ஒன்றை 52,000 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பி வைத்த சக்கரம், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. இன்ஜின் நன்றாக இருந்தது. தாழ்வான சீட்டு, நீட்டி வைத்த கால், நிதானமாக ஓட்டத் தூண்டும் வண்டி. கவாஸாகி எலிமினேட்டர் என்ற பெயரில் 2001-இல் பஜாஜ் இங்கே கொண்டுவந்த 175 சிசி வண்டியின் வழித்தோன்றல்தான் அவெஞ்சர். 2005-இல் 180 சிசியாக வந்து, பிறகு 200, அப்புறம் 220 ஆனது. அந்தப் பரம்பரைத் தோற்றம் பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகவே தெரியும். பின்னால் போய் நின்று பார்த்தால்தான் எனக்கு ஏதோ குறைந்தது.

அந்தக் குறை மனதில் ஊன்றியது 2023 தொடக்கத்தில். ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650 அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்தது. ஐந்து ரோடு சிக்னலில் ஒன்று எனக்கு முன்னால் நின்றது. பின்டயர் 150/80-16. ரோட்டின் மேல் உருளைக்கல்லை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. அன்றைய தொடக்க விலையே 3.49 லட்சம். என்னால் முடியாது. ஆனால் டயரை மட்டும் மாற்றினால் என்ன என்று தோன்றியது. கையில் இருந்தது தீபாவளி போனஸில் எடுத்து வைத்த 25,000.

இந்த ஆசையில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஹார்லி ப்ரேக்அவுட்டின் 240 டயரைப் பார்த்துவிட்டு யாருக்கும் அப்படித் தோன்றும். ஆனால் அந்த 240 என்பது அந்த வண்டிக்கு ஃப்ரேமிலிருந்தே திட்டமிட்டது. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் அகலம், பெல்ட் போகும் பாதை, மட்கார்டு எல்லாமே அந்த டயருக்காக வரைந்தவை. நம் வண்டியில் எல்லாமே 130-க்காக வரைந்தவை. எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுதான் நமக்கு உரிமை. அதை அளந்து பார்க்காமல் கடைக்குப் போனதுதான் நான் செய்த முதல் பிழை.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இந்த ஆசை உள்ளவர்களுக்குத் தெரிந்த இடங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அலைந்தேன். 15 அங்குலத்தில் அகலமான பைக் டயர் கிடைப்பது அரிது. இந்தப் பக்கம் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் 17, 18தான். ஒரு கடையில் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய டயர் ஒன்று இருந்தது: 150/90-15. தரையைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டன் முக்கால்வாசி இருந்தது, துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். 4,500 ரூபாய். அதே கடையில் கார் டயரையே போட்டுக்கொள்ளும்படியும் சொன்னார்கள், விலை இன்னும் குறைவு என்று. நல்லவேளை, அதை வாங்கவில்லை. கார் டயர் தட்டையானது. பைக்கோ சாய்ந்து திரும்புவது. கார் டயரின் விளிம்பும் பைக் ரிம்மில் உட்காரும் விதத்தில் செய்யப்பட்டிருப்பதில்லை. யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இதை நான் அன்றே ஒரு சீட்டில் போட்டிருக்க வேண்டும். 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். 130-இல் 90 சதவீதம் 117. மேலும் கீழும் சேர்த்தால் 234. ஆக என் பழைய டயரின் மொத்த உயரம் 615. 150-இல் 90 சதவீதம் 135, இரண்டு பக்கமும் 270, மொத்தம் 651. நான் அகலம் 20 மில்லிமீட்டர் கூடுகிறது என்று மட்டும் பார்த்தேன். உயரம் 36 கூடியதைப் பார்க்கவில்லை. அதாவது அச்சிலிருந்து மட்கார்டுப் பக்கமாக 18 மில்லிமீட்டர் மேலே ஏறிவிட்டது. கூடவே சுற்றளவு கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுகிறது. 19 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது ஒவ்வொரு கியரிலும் தெரியும். இரண்டாவது எண்ணைக் கவனிக்காமல் முதல் எண்ணை மட்டும் பார்த்து டயர் வாங்குவது, சட்டையின் கழுத்தளவை மட்டும் பார்த்துத் துணி எடுப்பதுபோல.

சேலத்தில் ஒரு கடையில் மாட்டினேன். செயின் கார்டு இடித்தது. கழற்றி வைத்துவிடலாம் என்றார்கள், சரி என்றேன். டியூப் பழைய அளவுதான் இருந்தது. காற்று அடித்தால் விரிந்துகொள்ளும் என்றார்கள், அதற்கும் சரி என்றேன். இந்த இரண்டு சரியும் நான் சொல்லியிருக்கக் கூடாதவை. பின்னால் நின்று பார்த்தபோது மட்டும் மனம் நிறைந்திருந்தது. அந்த நிறைவில் மறுநாளே மனைவியை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பினேன்.

அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சாய்த்தால் நிமிரப் பார்த்தது. ஹேண்டிலை அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஐந்தாறு வளைவு தாண்டியதும் தோள் வலித்தது. பதினோராவது வளைவுக்கு மேல் ரோடு கொஞ்சம் பெயர்ந்திருந்த இடத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. சீட்டுக்கு அடியில் இருந்து சர்ரென்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் மறுபடியும். "என்னங்க, எதுவோ தீயற வாசம் வருது" என்றாள் மனைவி. ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தேன்.

மட்கார்டின் உட்புறத்தில் ஒரு போல்ட்டின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. அது டயரின் நடுவில் ஒரு கோடு கிழித்திருந்தது. கறுப்பு ரப்பர் தூள் ஷாக் அப்சார்பரின் மேல் அப்பிக்கிடந்தது. அதைவிடப் பயந்தது இடது பக்கம் பார்த்தபோதுதான். செயின், டயரின் பக்கச்சுவரை உரசி உரசி விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு வைத்திருந்தது. உள்ளே இருக்கும் நூல் இழை வெளியே தெரிந்தது. அது வெடித்திருந்தால் எங்கே போயிருப்போம் என்று நினைக்கவே முடியவில்லை. மனைவியின் துப்பட்டா, கார்டு இல்லாத அந்தச் செயினுக்கு ஒரு சாண் தள்ளித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் அப்போதுதான் கவனித்தேன். வண்டியை அதற்கு மேல் ஓட்டவில்லை. சின்ன லோடு வண்டி ஒன்றைப் பிடித்து இறக்கினேன். 2,200 ரூபாய்.

பிறகு நான் போனது எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம். முப்பது வருடமாக வண்டி பார்ப்பவர். டயரைக் கழற்றிப் போட்டதும் அவர் முதலில் பார்த்தது வெட்டை அல்ல, பக்கச்சுவரில் ஓர் ஓரமாக இருந்த நான்கு இலக்கத்தை. "2211 போட்டிருக்கு பாருங்க தம்பி. 2011-ஆம் வருசம் இருபத்திரெண்டாவது வாரம். பன்னெண்டு வருசத்து ரப்பரு." நகத்தால் அழுத்திக் காட்டினார். நகம் பதியவில்லை. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டால் ஈரத் தாரில் பிடிக்காது. பழைய டயர் வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் இந்த நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். என் வரையில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட டயரைச் சும்மா கொடுத்தாலும் இனி வாங்க மாட்டேன்.

டியூபையும் எடுத்துக் காட்டினார். 130-க்கான டியூப் 150-க்குள் ஊதிப்போய், மடிப்பு விழுந்த இடங்களில் பலூன் மாதிரி மெலிந்திருந்தது. அப்படி மெலிந்த டியூப் ஆணி குத்தினால் மெதுவாக இறங்காது, ஒரேயடியாக விட்டுவிடும்.

வளைவில் வண்டி ஏன் முரண்டு பிடித்தது என்பதையும் அவர்தான் விளக்கினார். நேராக நிற்கும்போது டயர் தரையைத் தொடுவது நடுவில். சாய்ந்தால் தொடும் இடம் பக்கவாட்டில் நகரும். டயர் அகலமாக இருந்தால் அது இன்னும் தள்ளி நகரும். அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டும். முன்னால் 90 மில்லிமீட்டர் டயர், பின்னால் 150 என்று இருந்தால் இரண்டும் வேறுவேறு விதமாகச் சாயப் பார்க்கும். அதோடு 3 அங்குல அகல ரிம்மில் 150-ஐத் திணித்தால் விளிம்புகள் உள்ளே நெருக்கப்பட்டு டயர் முட்டை போலக் கூம்பிவிடும். காசு கொடுத்து வாங்கிய அகலம் தரையைத் தொடுவதே இல்லை. 150-க்கு மூன்றரை அங்குல ரிம்மாவது வேண்டும்.

"அப்ப ரிம்மை அகலமாக்கலாமா?" என்று கேட்டேன். இரண்டு ரிம்மை வெட்டி நடுவில் பட்டை வைத்து வெல்டிங் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், 3,000 ரூபாய்க்கு முடித்துவிடலாம் என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். வெல்டிங் சூட்டில் ரிம் நெளியும். கோட்டம் எவ்வளவு எடுத்தாலும் முழுசாக நிமிராது. பள்ளத்தில் இறங்கும் அடியெல்லாம் அந்த வெல்டிங்கில்தான் விழும். நான் அதை அத்தோடு விட்டேன். பணத்தை மிச்சம் பிடிக்க ஆயிரம் இடம் இருக்கிறது. உயிரைத் தாங்கும் சக்கரத்தில் பிடிக்கக் கூடாது.

ஆறு மாதம் பழைய 130 டயரிலேயே ஓட்டினேன். கரைந்த பட்ஜெட்டை மறுபடி சேர்க்க அவ்வளவு காலம் ஆனது. அந்த ஆறு மாதத்தில்தான் ஒழுங்காக அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அளந்த விதத்தை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை. வண்டி நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டு பேர் உட்கார்ந்து பள்ளத்தில் விழும்போது ஷாக் முழுக்க அமுங்கி, சக்கரம் எங்கே வந்து நிற்கும் என்பதுதான் முக்கியம். அண்ணன் ஒரு பக்க ஷாக்கைக் கழற்றி, கருவி போட்டு ஸ்பிரிங்கை எடுத்தார். உள்ளே உள்ள தடியை ரப்பர் முட்டும் வரை அமுக்கி, மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் நடுவே உள்ள நீளத்தை அளந்தார். அதே நீளத்தில் துளை போட்ட இரண்டு இரும்புப் பட்டைகளை ஷாக்குக்குப் பதில் மாட்டினார். இப்போது சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு மேலே போகுமோ அங்கேயே நிற்கிறது.

அதற்கு முன்பே மட்கார்டின் உள்ளே எலுமிச்சை அளவு மாவு உருண்டைகளை ஒட்டியிருந்தோம். வீட்டில் சப்பாத்திக்குப் பிசைந்த மாவுதான், கொஞ்சம் கெட்டியாக. டயரில் ஒட்டாமல் இருக்க மேலே பாலிதீன் தாள். மட்கார்டின் உச்சியில் ஒன்று, முன்பக்கம் ஸ்விங் ஆர்மின் குறுக்குக் குழாய் அருகில் ஒன்று, செயின் பக்கம் ஒன்று, வலது பக்கம் பிரேக் டிரம்மைப் பிடித்திருக்கும் ராடு அருகில் ஒன்று. சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கழற்றி, ஒவ்வோர் உருண்டையையும் பிளேடால் நடுவே அறுத்து, ஸ்கேல் வைத்துத் தடிமனைப் பார்த்தோம். 130 டயரில் உச்சியில் இருந்த உருண்டை 19 மில்லிமீட்டருக்கு அமுங்கியிருந்தது. செயினுக்கும் டயருக்கும் நடுவே 14. மூலையில் கிடந்த 150-ஐயும் ஒரு முறை மாட்டிப் பார்த்தோம். உச்சி உருண்டை அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்குமோ என்னவோ. அந்த அப்பளத்தைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் ஏற்காட்டுச் சத்தத்தின் முழு அர்த்தமும் எனக்குப் புரிந்தது.

டயர் வாங்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்யலாம். இருக்கிற டயரை வைத்து அளந்துவிட்டு, புதிய டயரின் உயரம் கூடுவதில் பாதியை உச்சியில் கழியுங்கள், அகலம் கூடுவதில் பாதியை இரண்டு பக்கமும் கழியுங்கள். மிஞ்சுவது எல்லாத் திசையிலும் சுண்டுவிரல் நுழையும் அளவாவது இருக்க வேண்டும். வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும், செயின் பக்கவாட்டில் ஆடும். அந்த இடம் வீணான இடமல்ல.

அந்தக் கணக்கில் எனக்குப் பொருந்தியது 140/90-15. உயரம் 633, அதாவது உச்சியில் 9 குறைந்து 10 மில்லிமீட்டர் மிஞ்சும். செயின் பக்கம் 5 குறைந்து 9. சுற்றளவு 3 சதவீதத்துக்குள் கூடுகிறது, இன்ஜின் அதைத் தாங்கும். 3 அங்குல ரிம்மிலும் ஒழுங்காக உட்காரும். யமஹா விராகோ 1100, கவாஸாகி வல்கன் 500 போன்ற பழைய க்ரூஸர்களில் பின்னால் இருந்த அளவும் இதுவேதான். அதனால் இந்த அளவில் புது டயர் இறக்குமதி செய்கிறவர்களிடம் கிடைக்கிறது. டயரும் சரியான அளவு டியூபும் சேர்த்து 9,950 ரூபாய் ஆனது. வலித்தது. ஆனால் வந்தது முந்தைய ஆண்டு செய்த டயர், நகம் பதிந்தது.

டயரை மாட்டுவதற்கு முன் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். பேரிங், ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுப்பகுதி) உள்ள கப்ளிங் ரப்பர், பிரேக் ஷூ, செயின் செட் எல்லாவற்றையும் பார்த்து மாற்றிவிட்டுத்தான் அழகு வேலை. எனக்கு அப்போது அது வீண்செலவாகத் தெரிந்தது. பேரிங்கைக் கழற்றி விரலில் மாட்டிச் சுழற்றிக் காட்டினார். கரகரவென்று மணல் சத்தம். அகலமான டயர் எடையும் கூடுதல். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அந்த ஆட்டத்தை அது இன்னும் பெரிதாக்கும்.

கம்பிச் சக்கரத்தில் ஒரு வசதி உண்டு. கம்பிகளை இழுத்தும் தளர்த்தியும் ரிம்மை ஹப்புக்கு ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தலாம். செயினிலிருந்து தள்ளி வலது பக்கமாக 2 மில்லிமீட்டர் நகர்த்தினோம். 9 ஆக இருந்த இடைவெளி 11 ஆனது. அதற்கு மேல் நகர்த்தக் கேட்டேன், அவர் மறுத்துவிட்டார். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் போகாவிட்டால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். சில பேர் இடம் கிடைப்பதற்காகப் செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் அடியில் வாஷர் போட்டு வெளியே தள்ளுகிறார்கள். பின்னால் எவ்வளவு தள்ளுகிறோமோ அதே அளவு முன் ஸ்ப்ராக்கெட்டையும் தள்ளாவிட்டால் செயின் கோணலாக ஓடி, சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே பல் தேய்ந்துவிடும்.

கோட்டம் எடுத்து முடித்ததும் கொத்தனார் நூலைக் கட்டி நேர் பார்த்தார். பின்டயரின் பின்னால் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் முன்சக்கரம் வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்டயரின் முன்விளிம்பை நூல் லேசாகத் தொட்டபடி இருக்கும்போது, முன்டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். எங்களுக்கு 2 மில்லிமீட்டர் நகர்த்தியதற்குத் தக்க வித்தியாசம் மட்டுமே வந்தது. செயின் டென்ஷனரில் உள்ள கோடுகளை நம்பாதீர்கள், நூலை நம்புங்கள். பழைய வண்டிகளில் அந்தக் கோடுகள் இரண்டு பக்கமும் ஒத்துப்போவதே அபூர்வம்.

செயின் கார்டை மறுபடியும் மாட்டினோம். பழைய கார்டு தொலைந்திருந்ததால் 700 ரூபாய்க்குப் புதிது. அதன் பிடிமானத்தை லேத்தில் 6 மில்லிமீட்டர் வெளியே தள்ளிச் செய்தோம். சேலை கார்டும் பின்சீட்டுக் கைப்பிடியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கஸ்டம் வண்டி என்றாலே முதலில் கழற்றுவது இவற்றைத்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதியே இவை கட்டாயம் என்கிறது. எனக்கு விதியைவிட ஏற்காட்டில் பார்த்த அந்தத் துப்பட்டாதான் கண்ணில் நிற்கிறது.

இனி மட்கார்டு. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதில்தான் இருக்கிறது. ஒரு வண்டியின் பின்பக்கம் அகலமாகத் தெரிவதற்கு டயரின் அகலம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் வெளிச்சம். அன்று சிக்னலில் சூப்பர் மீட்டியாரில் நான் பார்த்ததும் அதுதான் என்று பிறகு புரிந்தது. மட்கார்டு டயரின் மேல் குல்லா போலக் கவிந்திருந்தது. வெளிச்சம் புகும் இடமே இல்லை. என் வண்டியில் மட்கார்டு பக்கவாட்டில் குறுகியும், பின்னால் நீண்டும் இருந்ததால் டயர் அதற்கடியில் ஒளிந்ததுபோல் இருந்தது.

நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் ஊர். அங்கே ஒரு பட்டறையில் தகடு வேலை பார்க்கும் பெரியவரிடம் அண்ணன் அனுப்பினார். அவர் லாரிக் கேபினுக்குத் தகடு வளைப்பவர், பைக் மட்கார்டை அதுவரை தொட்டதில்லை. கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். "நடுவுல கீறி ஒரு பட்டை வெச்சா போதுங்க" என்றார். மட்கார்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் 24 மில்லிமீட்டர் பட்டை வைத்து, துண்டு துண்டாகப் புள்ளி வைத்து ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தார். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் தகடு சூட்டில் நெளிந்துவிடும் என்றார். பிறகு மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேட்டை அவர் கண்ணால் தேடவில்லை. உள்ளங்கையைத் தகட்டின் மேல் மெதுவாக ஓடவிட்டு, கை நின்ற இடத்தில் சுத்தியால் தட்டினார். பின்னால் நீண்டிருந்த பகுதியில் ஐந்து விரற்கடை குறைத்தார். நம்பர் பிளேட்டும் விளக்கும் பழைய உயரத்திலேயே நிற்கும்படி பிடிமானம் வைத்துக் கொடுத்தார். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளைத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தேன். இப்போது வழவழப்பான தலை உள்ளே, நட்டு வெளியே. 3,200 ரூபாய். அந்தக் கைக்கு அது குறைவு.

வெல்டிங் பற்றி ஒன்று. மட்கார்டைக் கழற்றிக் கொண்டுபோனதால் எனக்குத் தொந்தரவு இல்லை. வண்டியிலேயே ஏதாவது பற்றவைப்பதாக இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றி, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியின் இணைப்பையும் பிரித்து, பெட்ரோல் டேங்கை இறக்கி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அதனால் ஃப்ரேமை வெட்டுவது, ஸ்விங் ஆர்மை நீட்டுவது, சைலன்சரைத் திறந்துவிடுவது எதிலும் நான் கை வைக்கவில்லை. நிறம்கூட ஆர்சியில் உள்ள அதே நிறம்தான். டயர் அளவும் மாற்றம்தான் என்பதால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான பதிலை பாலிசியோடு வைத்திருக்கிறேன். பழைய டயர் பரணில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். மட்கார்டுக்கு அதெல்லாம் தேவையில்லை, 130-க்கும் அது பொருந்தும்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் கணக்கையும் கொடுத்துவிடுகிறேன். டயரும் டியூபும் 9,950. கம்பி மாற்றிக் கோட்டம் எடுத்தது 1,600. பேரிங், ரப்பர், பிரேக் ஷூ 1,050. செயின் செட் 2,900. மட்கார்டு 3,200, பெயின்ட் 1,800. அண்ணனின் கூலி 2,500. ஆக 23,000. முதல் முறை போன 9,400-இல் இப்போது வண்டியில் இருப்பது அந்த 700 ரூபாய் செயின் கார்டு மட்டும்தான். 23,000-இலும் சரிபாதியை விட அதிகம் டயரல்லாத வேலைக்குப் போயிருக்கிறது என்பதைப் பாருங்கள். என்னைப் போல 25,000 வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் டயருக்கு 10,000-க்கு மேல் ஒதுக்காதீர்கள். காசு போதவில்லையென்றால் டயரைத் தள்ளிப்போட்டு, மட்கார்டையும் பேரிங்கையும் முதலில் செய்யுங்கள். 130 டயரிலேயே வண்டி பாதி மாறியிருக்கும்.

புது டயரின் மேல் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் நேர்ச்சாலையில் அடக்கமாக ஓட்டினேன், ஓமலூர் வரை, ராசிபுரம் வரை. பிறகு மழை நின்ற ஒரு காலையில் அதே ஏற்காட்டுப் பாதை, அதே மனைவி பின்சீட்டில். வளைவுகளில் 130-ஐவிடக் கொஞ்சம் கனமாகத்தான் திரும்புகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் சாய்த்த இடத்தில் நிற்கிறது, நிமிரப் பார்ப்பதில்லை. தார் ஒட்டுப் போட்ட மேடுகளில் பின்பக்கம் லேசாகப் பக்கவாட்டில் அலைகிறது. தேங்கிய தண்ணீரில் முன்பைவிட வேகத்தைக் குறைக்கிறேன். அகலமான டயர் தண்ணீரை விலக்கிக்கொண்டு இறங்குவதற்குப் பதில் அதன் மேல் மிதக்கப் பார்க்கும். மேலே போய் ஏரி ஓரத்தில் நிறுத்தியதும் மனைவி முதலில் செய்தது மட்கார்டுக்கு அடியில் குனிந்து பார்த்தது. "தூள் எதுவும் இல்லீங்க" என்றாள்.

இப்போது 8,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாதத்தில் முதல் ஞாயிறு செயினுக்கு எண்ணெய் விடும்போது, டயருக்கும் செயினுக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறேன். இன்றும் தாராளமாக நுழைந்தது.